முளைப்பாரிச் சித்திரத்தில் ஏழு பெண்கள்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஆறு பேசினால் ஊர் பதில் சொன்ன காலத்தில், வெண்ணாவல் நாடு என்று ஒன்று இருந்ததாம். அந்த நாட்டு ராணியிடம் ஒரு மந்திரவாதி வந்து, "உன் கைக்குழந்தையைக் கொடு" என்றான். ராணி தரவே இல்லை. கோபத்தில் அவளை அரண்மனைச் சுவரில் சித்திரமாக்கிவிட்டான்.

சித்திரத்தில் பழங்காலத்துச் சடங்கு. ஏழு பெண்கள் தலையில் முளைப்பாரி சுமந்து ஆற்றுக்குப் போகிறார்கள். ஏழு பேருக்கும் ஒரே முகம், ஒரே சேலை.

"ராணி யாரு, அவ மனசுல என்னன்னு சரியாச் சொன்னா வருவா. மூணு தடவைதான். அப்புறம் வெறும் சுவர்!" என்று சொல்லி மறைந்தான்.

குழந்தை மாதுளை பன்னிரண்டு வயசு இளவரசி ஆனாள். தினமும் ஏழு பேர் காலையும் தொட்டுப் பார்ப்பாள். ஏழும் சில்லென்றுதான் இருக்கும்.

பண்டிதர் வந்தார். "முதல் பெண்ணின் முளைதான் உயரம். உயரம் என்றால் பெருமை. அவள்தான் ராணி." தப்பு. சித்திரத்தில் பாதிச் சாயம் போயிற்று.

ராஜா வந்தார். "கடைசிப் பெண் கன்னத்தில் கண்ணீர். அவள்தான்!" ஆனால் அது முளைப்பாரிச் சட்டியிலிருந்து கசிந்த தண்ணீர். மீதிச் சாயமும் போய், கோடுதான் மிச்சம். ராஜா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது மோர் ஊற்ற வந்த வீராயி, இடுப்புப் பிள்ளையோடு ஓரமாக நின்று, "நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள்.

"மோர்க்காரிக்குச் சித்திரம் தெரியுமா?" என்றார் பண்டிதர்.

"சித்திரம் தெரியாது சாமி. இடுப்பு தெரியும்."

"தப்பாயிட்டா அம்மா போயிடுவாங்களே!" என்றாள் மாதுளை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்கக்கா" என்றாள்.

"தலையில சுமை இருந்தா உடம்பு நேரா நிக்கும். ஆறு பேரும் நேராத்தான் நிக்கறாங்க. நாலாவது அம்மாவுக்கு மட்டும் இடுப்பு ஒருபக்கம் வளைஞ்சிருக்கு பாருங்க, என்னைப்போல. ஆனா அங்க பிள்ளை இல்ல. பிள்ளைக்கு இடம் விட்டு நிக்கறாங்க. மனசுல அந்த ஏக்கம்தான்."

மாதுளை ஓடிப்போய் அந்த இடுப்பில் கன்னத்தை வைத்தாள். சில்லென்று இல்லை. சுடச்சுட இருந்தது!

சுவரிலிருந்து இறங்கிய ராணி மகளைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள். முடியவில்லை. "எப்படிடி இவ்வளவு கனத்துப்போன?" என்று அழுதாள், சிரித்தாள்.

மற்ற ஆறு பேரும் சித்திரத்துக்குள்ளேயே நடந்து ஆற்றில் முளைப்பாரியைக் கரைத்தார்கள். அந்த வருஷம் ஊர்ச் சடங்கில் முதல் முளைப்பாரி வீராயி தலையில்தான். அவள் பிள்ளையை அன்றைக்கெல்லாம் ராணி இறக்கவே இல்லையாம்.

அவர்கள் வீட்டில் பால் பொங்கிற்று. நம் வீட்டிலும் பொங்கட்டும்.