மனப்பாட மனு

அது பஞ்ச வருஷம். தீர்வையைத் தள்ளுபடி செய்யச் சொல்லி வைகுந்தம் வாத்தியார் எழுத, ஊரே கைநாட்டு வைத்த மனு தாசில்தார் கச்சேரிக்குப் போனதோடு சரி. தமிழ் தெரிந்த கலெக்டர் துரை முகாம் வந்தபோது தாசில்தார் துணிந்து சாதித்தார்.

"அப்படியொரு மனுவை நான் கண்ணால் பார்த்ததே இல்லை, துரையவர்களே."

துரை கூட்டத்தைப் பார்த்தார். "எழுதியவர் எங்கே?"

"அவரால வர முடியலீங்க தொரை," என்று உழவன் ஒச்சப்பன் முன்னால் வந்தான். "முன்னே வெத்துத் தாள்ல கைநாட்டு வச்சு நிலத்தைத் தோத்தோம். அதுலேருந்து மனப்பாடம் ஆகாத காயிதத்துல நாங்க விரல் வைக்கிறதில்ல. மனுவைச் சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

ஒச்சப்பன் கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று சொன்னான். "கிணறு வற்றி, விதைநெல்லும் தின்று தீர்ந்து, பட்டினியால் மாண்டவர் பன்னிரண்டு பேர்..."

"புளுகன்!" தாசில்தார் துள்ளினார். "பதினோரு பேர் என்றுதானே எழுதியிருந்தது!"

துரை மெல்லத் தாசில்தார் பக்கம் திரும்பினார்.

"எசமான் நல்லாத்தான் வாசிச்சிருக்காக," என்றான் ஒச்சப்பன். "எழுதும்போது பதினோரு பேருதான். வாத்தியார் முந்தாநாள்தான் செத்தாரு."