முருகன் லேசாக வந்த நாள்

"சாமி, எனக்குக் காவி கொடுத்துடுங்க" என்றார் மாசிலாமணி.

ஜவுளிக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர். அதனால் குரு அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். முருகன் தன்னை ஏற்றுக்கொண்டானா என்ற சந்தேகம் மட்டும் மாசிலாமணிக்கு இன்னும் தீரவில்லை.

"இன்னைக்கு என்ன அவசரம் அண்ணாச்சி?"

"காலையில முதல் தடவையா பல்லக்குத் தூக்கினேன். முருகன் பஞ்சு மாதிரி லேசா வந்தான். என்னை ஏத்துக்கிட்டான் சாமி. இதைவிட வேற என்ன அடையாளம் வேணும்?"

சொல்லும்போதே கண் கலங்கியது.

"லேசுன்னா என்ன?"

"கனம் இல்லாதது."

"அந்தக் கனம் எங்கே போச்சு?"

மாசிலாமணி யோசித்தார்.

"முருகனே எடுத்துக்கிட்டான்."

குரு எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார்.

"சடையாண்டிக்குத் தோள் வலியாம். கொஞ்சம் தேய்ச்சு விட்டுட்டு வாங்க. பிறகு பேசுவோம்."

சடையாண்டி, பல்லக்குத் தண்டில் மாசிலாமணிக்குப் பின்னால் தோள் கொடுத்தவன். நெட்டை ஆள். மண்டபத்தில் குப்புறப் படுத்திருந்தான். வலது தோள் கன்றிச் சிவந்து வீங்கியிருந்தது.

"லேசா, லேசாத் தேய்ங்க அண்ணாச்சி! உயிர் போகுது."

"ஏன் தம்பி இப்படி?"

"உங்க பங்கும் எனக்குத்தானே வந்துச்சு! உங்க உயரத்துக்குத் தண்டு உங்க தோளைத் தொடவே இல்ல. குட்டை ஆளுங்க துண்டை மடிச்சுத் தோள்ல வைக்கணும். யாரும் சொல்லலையா?"

மாசிலாமணியின் கை நின்றுவிட்டது.

"நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க அழுதுக்கிட்டே நடந்தீங்க. அவ்வளவு சந்தோஷம். எப்படிச் சொல்ல?"

மாசிலாமணி அன்று குருவிடம் திரும்பிப் போகவில்லை.

மறுநாள் பல்லக்கு மலையிலிருந்து இறங்கியது. மாசிலாமணியின் தோளில் துண்டு நாலாக மடிந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

பின்னால் சடையாண்டி, இடது தோளுக்கு மாறி, "இன்னைக்கு எனக்குக் கனமே இல்ல, தூக்கம் வருது அண்ணாச்சி!" என்று கேலி செய்தான்.

குரு கூடவே நடந்து வந்தார்.

"அண்ணாச்சி, காவி கேட்டீங்களே? கொண்டாந்திருக்கேன்."

"பேச்சுக் கொடுக்காதீங்க சாமி" என்றார் மாசிலாமணி. "பெரிய இறக்கம் வருது."