லட்டுக்கு ஒரு நோட்டீஸ்

மலையடி மடத்துச் சாமி, வக்கீல் கோட்டைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தவர். அவருடைய சீடர்களில் மூத்தவர் மரக்கடை ஆவுடையப்பன். குருவைவிட இருபது வயது கூடுதல். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி.

ஒரு நாள் காலையில் ஆவுடையப்பன் தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சாமி, கொஞ்சம் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் வேணும்."

"மந்திரம் போதாதா?"

"மந்திரம் எனக்கு. இது என் சகலைக்கு."

சகலை சொர்ணலிங்கத்தோடு அவருக்குப் பேச்சு நின்று ஆறு வருஷம். அடுத்த மாதம் ஆவுடையப்பன் மகளுக்குக் கல்யாணம். தங்கச்சியும் தங்கச்சி புருஷனும் வராத பந்தலில் கால் வைக்க மாட்டேன் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாள். சகலை வீட்டுக்குப் பத்திரிகை கொண்டுபோக ஆவுடையப்பனுக்குக் கால் வரவில்லை. முதலில் ஒரு நோட்டீஸ் விடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"தமிழ்ல எழுதினா என்ன?" என்றார் சாமி.

"படிச்சிட்டுச் சிரிப்பான். இங்கிலீஷ்ல எழுதினாத்தான் பயந்துபோய் மன்னிப்புக் கேப்பான். பெறவு கல்யாணத்துக்கு வரட்டும்."

குற்றம் சம்பந்தப்பட்ட வார்த்தை வரும் பக்கங்களிலெல்லாம் ஈர்க்குச்சி செருகியிருந்தது. கல்யாணப் பெண்ணை விட்டே தேடவைத்திருந்தார்.

"இது என்ன சாமி?"

"ட்ரெஸ்பாஸ். அடுத்தவன் எடத்துக்குள்ள அத்துமீறி நுழையறது."

"அது ஆகாது. நான்தான் அவன் வீட்டு விசேஷத்துக்குப் போனேன்."

"கூப்பிட்டுத்தானே போனீங்க?"

"பத்திரிகை வச்சான்."

"அப்ப நீங்களும் தப்பிச்சீங்க."

"இது?"

"சீட்டிங். நம்பவச்சு ஏமாத்தறது."

"பந்தியில எனக்கு மட்டும் லட்டு வைக்காமப் போனாங்க சாமி."

"பெறவு?"

"பெறவு வச்சாங்க."

"அதுவும் நிக்காது."

அடுத்த ஈர்க்குச்சி ஆர்சன். தீ வைப்பது. அந்த வார்த்தையை ஆவுடையப்பன் சற்று நேரம் ஏக்கத்தோடு பார்த்தார்.

"வேண்டாம்," என்றார் சாமி.

ஆவுடையப்பன் பக்கத்தைப் புரட்டினார்.

"டிஃபமேஷன்," என்று சாமி படித்தார். "நாலு பேர் முன்னால ஒருத்தர் பேரைக் கெடுக்கறது."

"இதுதான் சாமி! இதேதான்!"

"அப்படி என்ன சொன்னாரு?"

ஆவுடையப்பன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பரிமாறுற ஆளைக் கூப்பிட்டு, பந்தி முழுக்கக் கேக்கும்படி சத்தமாச் சொன்னான் சாமி. 'அண்ணாச்சிக்கு லட்டு வைடே, இல்லேன்னா கோவிச்சிட்டு எந்திச்சிப் போயிருவாரு'ன்னு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"கோவிச்சிட்டு எந்திச்சி வந்துட்டேன்."

சாமி அந்தப் பக்கத்து ஈர்க்குச்சியை உருவி எடுத்தார்.

"சொன்னது உண்மையா இருந்தா இந்த வழக்கு நிக்காது," என்றார் சாமி.

"உண்மைன்னு எவன் சாட்சி சொல்லுவான்?"

"நீங்கதான். ஆறு வருஷமாப் பேசாம இருந்தே சொல்லிக்கிட்டிருக்கீங்க."

ஆவுடையப்பன் முகம் சிவந்தது. அகராதியைப் பட்டென்று மூடினார். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வாசல் வரை போனார்.

வாசலில் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. அப்படியே நின்றார். பிறகு மெல்லத் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"இப்பவும் எந்திச்சிட்டேனே சாமி."

"ஆமா."

"அப்ப நான் ஜெயிக்க வழியே இல்லையா?"

"இருக்கு. அவர் சொன்னது பொய்னு நிரூபிக்கணும். அதே ஆளுங்க முன்னால."

"எப்படி?"

"சகலைக்குப் பத்திரிகை வைங்க. கல்யாணப் பந்தியில அவர் பக்கத்து இலையில உக்காருங்க. உங்க இலைக்கு மட்டும் லட்டு வைக்க வேண்டாம்னு பரிமாறுறவங்ககிட்ட முன்னாலயே சொல்லிருங்க."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

ஆவுடையப்பன் எச்சில் விழுங்கினார்.

"அவ்வளவுதானா சாமி?"

"மோர் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."