தண்ணீர் பேசிய காலை

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் கிடையாது. தீர்ப்புச் சொல்வது அதனாலேயே கஷ்டம். சின்ன விஷயத்தையும் கோட்டை விடாமல் கேளுங்கள். கடைசியில் கேள்வி உங்கள் தலையில்தான் வந்து விழும்.

அங்கயற்கண்ணி மூலக்கூறு உயிரியல் பேராசிரியர். சதுப்பு நிலக் காட்டு நெல் ஒன்றில் உப்பைத் தாங்கும் மரபணுவைக் கண்டுபிடித்து, கலப்பினம் செய்து, அதை நம் நெல்லுக்குள் கொண்டுவர வாழ்நாளையே கொடுத்தவர். ஆனால் கண்டுபிடிப்பைவிட அதிகம் பரவியது அவருடைய சட்டம் ஒன்று. மரபணு இருக்கிறதா என்று எதைச் சோதித்தாலும், பக்கத்தில் வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்றையும் வைக்க வேண்டும். சோதனை முடிவில் எடுக்கும் படத்தில், மரபணு இருக்கும் குழாய்க்கு வெள்ளைக் கோடு விழும். தண்ணீருக்கு விழக்கூடாது. விழுந்தால் எங்கோ கலப்படம்.

"தண்ணி பேசினா மத்தவங்க எல்லாரும் வாயை மூடணும்" என்பார். ஜப்பானில் இருக்கும் அவருடைய மாணவர்கள்கூட இதைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதில் அவருக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

போன வருஷம் கடல் தண்ணீர் ஏறிப் பயிர் கருகிய வயலில் நின்று, காத்தமுத்து என்ற விவசாயியிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த மழைக்கு முன்னால் உப்பு தாங்கும் விதை ஊர்க்காரர்கள் கையில் இருக்கும் என்று. அந்த நாள் வந்தது. ஆட்கள் விடியற்காலையிலேயே டிராக்டருடன் கிடங்கு வாசலுக்கு வந்துவிட்டார்கள். வானம் கருத்துக் கிடந்தது. மழைக்கு முன் புழுதியில் விதைத்தால் விளைச்சல் உண்டு. இல்லாவிட்டால் அந்தப் பருவமே போச்சு.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கிடங்கில் ஈரம் இறங்கி, சாக்குகளின் அட்டைகள் உதிர்ந்திருந்தன. பக்கத்து அடுக்கில் சாதா நெல். இரண்டு அடுக்கும் மாறிப்போயிருந்தால் உப்பு வயலில் சாதா நெல்லை விதைத்து ஊரே மொட்டையாகிவிடும்.

அதனால் சோதனை. கலப்படத்துக்குப் பயந்து தன் ஆய்வகத்தை விட்டுவிட்டு, கிடங்கை ஒட்டிய பள்ளிக்கூட அறையைக் கேட்டு வாங்கினார் பேராசிரியர். கருவிகளெல்லாம் அன்றுதான் பிரித்தவை. மரபணு உள்ளதென்று தெரிந்த பொருள் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று அவரே உத்தரவு போட்டார். சோதித்தவள் பர்வீன், அதுவரை மீன்களை ஆராய்ந்துவிட்டு இப்போதுதான் வேலையில் சேர்ந்தவள், இந்த நெல்லை அதற்குமுன் தொட்டதே இல்லை. படம் வரும்வரை வேறு யாரும் உள்ளே போகவில்லை. வரிசையாக மூன்று குழாய்: முதலில் சாதா நெல், அடுத்து சாக்கு நெல், கடைசியில் வெறும் தண்ணீர். மூன்றுக்கும் ஒரே புட்டித் தண்ணீர்.

படம் வந்தது. முதல் குழாய்க்குக் கோடு இல்லை. சாக்கு நெல்லுக்குப் பளிச்சென்று கோடு. தண்ணீருக்கும், மங்கலாக, ஒரு கோடு.



விதைத் திட்டத்தின் தலைவர் இருதயராஜ் எட்டிப் பார்த்தார். அவருடைய முதல் மாணவர். அந்த உப்புக் கரையிலேயே பிறந்தவர். "புட்டித் தண்ணி அசுத்தம் மேடம், அவ்வளவுதான். இந்த ஓரத்தை வெட்டிட்டுப் படத்தைக் கோப்புல வெச்சிடுவோம். வெளியில மழை வருது."

"உனக்கு நான் சொல்லிக் கொடுத்தது இதுதானா?"

"எங்க ஊர் சனம் மேடம் அவங்க. ஒரு கோட்டுக்காக வெறுங்கையோட அனுப்பச் சொல்றீங்களா?"

பர்வீன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், அந்த முதல் குழாயை மட்டும் ஒரு தரம்..."

"பர்வீன்! தண்ணி பேசிடுச்சு. அப்புறம் யாரும் பேசக்கூடாது."

பர்வீன் வாயை மூடிக்கொண்டாள். படத்தின் ஓரத்தை வெட்டியபடியே இருதயராஜ் வாசலுக்கு நடந்தார். அங்கயற்கண்ணி ஓடிப்போய் அவர் கையிலிருந்த கிடங்குச் சாவியைப் பிடுங்கினார்.

"சோதனை கெட்டுப்போச்சு. நாளைக்குத்தான் சொல்ல முடியும்" என்றார் ஊராரிடம்.

காத்தமுத்து வானத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "வாக்குக் குடுத்தீங்களே டாக்டரம்மா" என்றார்.

மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் சோதனையில் சாக்கு நெல் நல்ல விதைதான் என்று தெரிந்தது. அதற்குள் வயலெல்லாம் தண்ணீர்.

ஓரத்தை வெட்டத் துணிந்த இருதயராஜ், வாக்கை உடைத்துச் சட்டத்தைக் காத்த அங்கயற்கண்ணி, சொல்ல வந்ததை விழுங்கிய பர்வீன். இதில் யார் செய்தது சரி? விதை நல்லதென்று அன்றைக்கே தெரிந்துகொள்ள வழி இருந்ததா?

விடை: வழி இருந்தது. புட்டித் தண்ணீர் அசுத்தமென்றால் முதல் குழாயிலும் கோடு விழுந்திருக்கும், விழவில்லை. ஆகவே இருதயராஜ் சொன்ன காரணம் தப்பு. விதை நல்லதாக இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். அந்த அறைக்குள் வேறெங்கும் இல்லாத மரபணு கடைசிக் குழாய்க்கு எங்கிருந்து வந்திருக்கும்? பக்கத்துச் சாக்கு நெல் குழாயிலிருந்து ஒரு துளி தெறித்திருந்தால்தான் உண்டு. கெட்டுப்போன சோதனையே சாக்கில் இருப்பது நல்ல விதை என்று சொல்லிக்கொண்டிருந்தது. பர்வீன் கண்டது சரி, விழுங்கியது தப்பு. ஆனால் விழுங்க வைத்தது பேராசிரியரின் சட்டம். அங்கயற்கண்ணி சாவியைப் பிடுங்கியதில் குற்றமில்லை, பர்வீன் வாயை அடைத்ததுதான் குற்றம். இதை அவர் பர்வீனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஜப்பான் வரை இருக்கும் தன் மாணவர்களுக்கெல்லாம் ஒரே வரி எழுதி அனுப்பினார்: "தண்ணீர் பேசினால், என்ன சொல்கிறது என்று கேளுங்கள்." காத்தமுத்துவுக்கு எழுத மட்டும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.