தாயார் விவரம் மாற்றப்பட்டுள்ளது

“உண்மையைத்தானேக்கா போட்டேன்? பொய்யா போட்டேன்?”

உள்ளே வந்து உட்காரும் முன்பே குற்றாலிங்கம் கேட்டுவிட்டான். செருப்பில்கூட ஒன்றைத்தான் கழற்றியிருந்தான்.

வடிவு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வம்சாவளி தேடுகிறவர்களுக்காக இணையத்தில் ஒரு குழு நடத்துகிறாள். குற்றாலிங்கம் உட்பட அதில் எல்லோருக்கும் அவள்தான் குரு. அந்த வார்த்தை அவளுக்குப் பிடிக்காது.

“இன்னொரு செருப்பையும் கழட்டிட்டு வாங்க, லிங்கம்.”

கழற்றினான். போனை நீட்டினான்.

நடந்தது இதுதான்.

செண்பகவல்லி அவனுக்குத் தூரத்துத் தங்கை முறை. ஓசூரில் இருக்கிறாள். இணையத்தில் அவன் வளர்க்கும் குடும்ப மரத்தில் அவளும் சேர்ந்திருந்தாள்.

அவளைப் பெற்றது, அவள் அம்மா என்று நம்பும் கோமு இல்லை, கோமுவின் அக்கா. குழந்தைக்குப் பேர் வைத்த அன்றே பிள்ளையில்லாத தங்கையிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பினாங்கிலிருந்து வைரவநாதன் ஐயா இதை அவனுக்கு மட்டும் சொல்லியிருந்தார். அவரும் அவனைப்போல் தேடுகிறவர்.

நேற்று அவன் மரத்தில் செண்பகவல்லியின் கோட்டைக் கோமுவிடமிருந்து அந்த அக்காவுக்கு மாற்றி இழுத்தான்.

ஒருவருடைய பேர் உள்ள கட்டத்தில் எதையாவது மாற்றினால் அந்தத் தளம் அவருக்கே செய்தி அனுப்பும் என்பதை நினைக்கவில்லை.

‘உங்கள் தாயார் விவரம் மாற்றப்பட்டுள்ளது.’

வடிவு போனில் செண்பகவல்லியின் கேள்வியை வாசித்தாள்.

‘அண்ணே, அம்மா இடத்துல பெரியம்மா பேர் வந்திருக்கு. மிஷின் தப்பா போட்டிருக்கும்னு நினைக்கேன். சரிதானே?’

“நான் பார்த்துட்டேன்னு அவளுக்கும் தெரியும். ப்ளூ டிக் விழுந்திருச்சு.”

“பழையபடி மாத்திட்டீங்களா?”

“உடனே மாத்திட்டேன். அதுக்குள்ள நாலஞ்சு பேர் அதை அவங்கவங்க மரத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தர் நன்றி வேற சொல்லியிருக்கார்.”

வடிவு கீரையை உருவினாள்.

“ஆமா, தப்புதான்னு எழுதிரவா?”

உருவினாள்.

“அப்ப உள்ளதைச் சொல்லிரவா?”

உருவினாள்.

“ஏதாவது சொல்லுங்கக்கா. கீரை எங்கயும் ஓடிப்போகாது.”

“உங்க அப்பா பக்கத்து மரத்தைக் காட்டுங்க.”

காட்டினான். ஏழு தலைமுறை. அந்த நேரத்திலும் அவனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வடிவு அவன் அப்பாவின் கட்டத்தைத் தொட்டாள்.

“சம்சாரம் ஒண்ணுதான் போட்டிருக்கு.”

அவன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

“கடையநல்லூர்ல இன்னொரு வீடு உண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? பையன்கூட இருக்கான்ல. பேர் தெரியாதோ?”

“தெரியும். முத்துமாலை. பிறந்த தேதிகூடத் தெரியும்.”

“பொறவு ஏன் போடலை?”

“எங்கம்மா இருக்காங்களேக்கா. இந்த மரத்தைத் தினம் பார்ப்பாங்க. பேரன் போன்ல காட்டுவான்...”

சொல்லிக்கொண்டே செண்பகவல்லியின் கேள்வியைத் திரும்பத் திறந்தான்.

வடிவு காம்புகளை ஒதுக்கினாள்.

“கோமு சித்தி இருக்காங்களா?”

“இருக்காங்க. அம்பாசமுத்திரத்துல.”

“அவங்கட்ட பேசியிருக்கீங்களா?”

போனைத் துழாவினான். கோமு பிறந்த ஊர் இருந்தது. கல்யாணம் நடந்த கோயில் இருந்தது. குலதெய்வம் இருந்தது. போன் நம்பர் இல்லை.

“வைரவநாதன் ஐயாட்டதான் இருக்கும்” என்றான். “அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. இது உங்களோட இருக்கட்டும்னு சொல்லித்தான் அன்னைக்குச் சொன்னார்.”

வடிவு முறத்தைத் தள்ளி வைத்தாள். “முதல்ல அவர்ட்ட நடந்ததைச் சொல்லுங்க, பொறவு சித்திட்ட கேளுங்க.”

அவன் ஐயாவை அழைத்தான். மணி நெடுநேரம் அடித்தது. எடுக்காமல் இருந்தால் தேவலை என்று அவன் நினைத்தபோது எடுத்துவிட்டார்.

“சொல்லுங்க தம்பி” என்றது சந்தோஷமான குரல். “புதுசா ஏதும் கிடைச்சுதா?”