பாறைப்பூக்கள் கால் சேர்த்த கதை

அந்தக் காலத்தில், கடலுக்கு அடியில் இருந்த எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்தது. மன்னார்க் கடலில் ஒரு பவளப்பாறையின் மேல் பாறைப்பூக்கள் குடியிருந்தன. பூ என்றுதான் பேரே தவிர செடியல்ல. சுண்டுவிரல் நகம் அளவு உடம்பும், வாயைச் சுற்றி விரல்களும் உள்ள உயிர்கள். அப்போது அவற்றுக்குத் தனித்தனிக் கால் இருந்தது. ஒன்றை ஒன்று தொடாமல் ஒரு சாண் தள்ளி நிற்பதுதான் அவற்றுக்கு மரியாதை. மேலே நிழல் விழுந்தால் உடனே வாயை மூடிக்கொள்ள வேண்டும், நிழல் விலகும்வரை யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. கடிக்க வரும் மீனும் தட்டித்தானே பார்க்கும்?

அவற்றில் ஒருத்தியான சிவப்பி இந்த வழக்கத்தில் ரொம்பக் கறார். சொந்தத் தங்கை பச்சியையே ஒரு சாண் தள்ளித்தான் நிறுத்தியிருந்தாள். பாறை விளிம்பில் மணல் அரிக்கிறது, உன் பக்கத்தில் வந்து நிற்கட்டுமா என்று பச்சி நாலைந்து தரம் கேட்டுப் பார்த்தாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லி அக்காக்காரி அவள் வாயை அடைத்துவிட்டாள்.

ஒருநாள் உச்சிப்பொழுதில் பெரிய திருக்கை ஒன்று மேலே வந்து நின்றது. நிழல் விழுந்ததும் எல்லாரும் மூடிக்கொண்டார்கள். சிப்பி தேடித் திருக்கை சிறகை அடித்த அடியில் விளிம்பு மணல் பறந்தது. பச்சியின் கால் நழுவியது. அக்கா பக்கமாய்ச் சரிந்து எட்டி அவளைத் தட்டினாள்.

"எக்கா, கால் நிக்கல. ஒரு விரலக் குடுக்கா."

அது தங்கையின் குரல் என்று சிவப்பிக்குத் தெரிந்தது. தெரிந்தும் திறக்கவில்லை. நிழல் போகட்டும், அப்புறம் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள், பாவி.

நிழல் போனது. திறந்து பார்த்தால், பச்சி நின்ற இடத்தில் மணல்தான் கிடந்தது. நீரோட்டம் போன திசையெல்லாம் ஊர்ந்து ஊர்ந்து ஆறு நாள் தேடினாள். வெறுங்கையோடு திரும்பியவள் பச்சி நின்ற இடத்து மணலை அள்ளித் தன் உடம்புக்குள் வைத்துக்கொண்டு அழுதாள். கேட்டவர்கள் யாருக்கும் மனசு தாங்கவில்லை.

பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் போய், "ஒன் காலோட என் கால ஒட்டிக்கிடுதேன்" என்றாள்.

"ஒட்டிக்கிட்டா அப்புறம் எங்கயும் நகர முடியாதே, சிவப்பி."

"நகந்து எங்க போகப்போறேன்? ஒருத்தி தவிச்சா மத்தவளுக்குத் தெரியணும். அது போதும்."

சிவப்பி அவளோடு ஒட்டிக்கொண்டாள். அடுத்தவளும் ஒட்டினாள். ஒவ்வொருத்தியாய் வந்து, மணலையும் ஒரு வாய் வாங்கிக்கொண்டு, காலைச் சேர்த்தார்கள்.

அன்று முதல்தான் பாறைப்பூக்கள் உடம்பில் மணலோடு, காலெல்லாம் ஒரே பாயாக ஒட்டி நிற்கின்றன. ஒன்றின் மேல் விரல் பட்டால் போதும், தள்ளி நிற்பவற்றுக்கும் தெரிந்துவிடுகிறது.