ஆழம் பார்த்தாச்சா?

ரொம்ப காலத்துக்கு முன்னே ஆம்பல் நாட்டை மகரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. பட்டத்து யானை கோதண்டத்தின் மேல் மட்டும் மாறாத பிரியம். அது தும்மினால் அன்றைக்குச் சபையே கிடையாது!

அவருடைய மந்திரி நாகநம்பிக்கு எந்நேரமும் ஒரே கவலை. ராஜா கோபத்தில் சொன்னதை, அந்தக் கோபம் தணிவதற்குள் யாராவது செய்து முடித்துவிடக் கூடாதே என்பதுதான்.

ஒரு தடவை பகைவர் கோட்டையைப் பிடிக்கப் படை கிளம்பிக் கோரையாற்றங்கரையில் முகாம் போட்டது. விடிந்ததும் படைத்தலைவர் அடங்காப்புலி, "எல்லோரும் இங்கேயே இறங்குங்கள்!" என்று கத்தினார். முன்வரிசையில் நின்ற சடையன் என்கிற வீரன், "ஐயா, ஆழம் பார்த்தாச்சா?" என்று கேட்டான். அவ்வளவுதான். பின்னால் வந்த முந்நூறு பேரும் நின்றுவிட்டார்கள்.

படைத்தலைவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. போன வாரம்தான் சடையனின் வேல்வீச்சைப் பார்த்து ராஜா தம் கைக் கடகத்தையே கழற்றிக் கொடுத்திருந்தார். அந்தப் புகைச்சல் வேறு. அவனைக் கட்டி இழுத்துப்போய் ராஜாவின் கூடாரத்தில் நிறுத்தினார்.

"கட்டளையையே கேள்வி கேட்கிறான் மகாராஜா! இவன் தலையை வாங்காவிட்டால் நாளைக்கு ஒவ்வொருத்தனும் கேட்பான்."

"வெட்டு!" என்றார் ராஜா, இளநீரைக் குடித்துக்கொண்டே.

சடையன் அழவில்லை, காலில் விழவில்லை. முந்நூறு பேர் உயிருக்காக வாய் திறந்தவன் தன் உயிருக்காகத் திறக்கவில்லையே, இப்படிப்பட்டவனையா இழப்பது என்று நாகநம்பிக்கு ஆறவில்லை.

"நியாயமான தீர்ப்பு மகாராஜா," என்றார். "ஆனால் வெட்டுவதற்கு முன்னால், படைத்தலைவர் சொன்ன வழி நல்ல வழிதான் என்று படைக்குக் காட்டிவிடுவோம். கோதண்டத்தின் மேல் ஏறி அவரே முதலில் ஆற்றைத் தாண்டட்டுமே."

"பேஷ்!" என்றார் ராஜா. யானை ஊர்வலம் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை.

அடங்காப்புலி மீசையை முறுக்கிக்கொண்டு யானை மேல் உட்கார்ந்தார். கோதண்டம் கரைக்குப் போனது. தும்பிக்கையால் தண்ணீருக்கடியில் தடவியது. ஒரு காலை மெதுவாக ஊன்றியது. சட்டென்று இழுத்துக்கொண்டது. பாகன் அதட்டினான், அங்குசத்தால் குத்தினான். ஊஹூம், அசையவில்லை.

"அடேய், குத்தாதே!" என்று ராஜா ஓடிவந்தார். "உள்ளே புதைசேறு இருக்கிறது. என் தங்கம் கண்டுபிடித்துவிட்டது பாருங்கள்! கரும்பு கொண்டு வாருங்கள்!"

"வாள் கொண்டு வாருங்கள்," என்றார் மந்திரி.

"வாள் எதற்கு ஐயா?"

"கோதண்டத்தின் தலையை வாங்கத்தான். கட்டளை போட்டும் இறங்காமல் நின்றுவிட்டதே மகாராஜா."

ராஜாவின் முகம் செத்துப்போயிற்று. அடங்காப்புலி யானை மேலிருந்தே, "அது வாயில்லாத ஜீவன்! மன்னர் சொன்னால் மறுபேச்சில்லாமல் குதிக்கிறவன்தான் வீரன்!" என்று முழங்கினார்.

"சபாஷ்! அப்படியானால் நீரே குதியும்," என்றார் ராஜா.

படைத்தலைவர் இறங்கினார். ஒரு கால் வைத்தார். முழங்கால் வரை உள்ளே போனது. இன்னொரு கால் கரையிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தார்.

"மகாராஜா... ஆழம் பார்த்தாச்சா?"

கரையே அதிரும்படி படை சிரித்தது. ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மந்திரி கையில் விழுந்தது. தம் கையாலேயே சடையனின் கட்டை அவிழ்த்துவிட்டார். கட்டு அவிழ்ந்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனப்பா, எல்லோரும் கேட்டுக்கொண்டே நின்றால் நான் எப்படிச் சண்டை போடுவது?"

"அம்பு பறக்கும்போது கேட்கமாட்டேன் மகாராஜா," என்றான் சடையன். "இறங்குவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்பேன். பதில் வந்துவிட்டால் என் கால் பின்வாங்காது."

நாகநம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. ராஜா இன்னொரு கடகத்தையும் கழற்றி அவனுக்கே மாட்டி, முன்படைக்குத் தலைவனாக்கினார். அடங்காப்புலியின் கையில் ஒரு நீள மூங்கிலைக் கொடுத்தார்.

அதிலிருந்து ஆம்பல் நாட்டுப் படை எந்த ஆற்றங்கரைக்குப் போனாலும், இடுப்பளவு தண்ணீரில் மூங்கிலோடு நின்றபடி படைத்தலைவர் முதலில் கத்துவார்: "ஆழம் பார்த்தாச்சு!"

ஒருத்தன் வாய் திறக்கமாட்டான். முந்நூறு பேரும் தபதபவென்று இறங்குவார்கள்.